சுவிட்ச் போர்டுக்குக் கீழே நிறுத்திய கை

இன்று ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஐந்து நாற்பது. என் வலது கை எண்பத்தைந்து டிகிரிவரைதான் ஏறுகிறது. கார்த்தி, தேதியையும் மணியையும் நீயே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த மூன்றாவது எண் எப்படி வந்தது என்பதை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும்.

நீ ஹாலில் போர்வையைக் காலால் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாய். நான் சமையலறை மேடை ஓரமாக நின்று எழுதுகிறேன். முழங்கையை மேடைமேல் வைத்துக்கொண்டால் எழுத வலிக்காது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நேற்று டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு நல்லா சேர்ந்திருக்கு, அப்புறம் ஏன் கை மேல போகல?" என்று கேட்டார் இல்லையா? அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். கை தேறிவிட்டால் நீ ஓசூருக்குப் போய்விடுவாய். அதனால் நான் கையைத் தூக்கவில்லை. அவ்வளவுதான்.

இதை வாயால் சொல்லப் போனால் பாதியில் கத்த ஆரம்பித்துவிடுவேன். தப்பு என்மேல் இருக்கும்போதுதான் எனக்குக் குரல் அதிகமாக வரும். நீ பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற குரல் அது. அதனால்தான் காகிதம். இதை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. படித்த பிறகு நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அடையாறு பிசியோதெரபி மேடத்திடம் காட்டு, என் லிஃப்ட் கம்பெனி ஆட்களிடம் காட்டு. "உங்க பையன் மாதிரி வராதுப்பா, வேலையைத் தள்ளி வெச்சிட்டு அப்பனைப் பாக்கறான்" என்று தெருவில் சொல்கிறார்களே, அவர்களிடமும் காட்டு. நான் தலையாட்டிக்கொண்டு நின்றதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் கை உடைந்த கதை. பொங்கல் முடிந்த வாரம், தி. நகரில் ஒரு ஐந்து மாடிக் கட்டிடம். மொட்டை மாடியில் லிஃப்ட் மெஷின் ரூம். பிரேக் சரிபார்த்துவிட்டு இரும்பு ஏணியில் இறங்கினேன். ஏணியின் கடைசி நாலு படிகளை நான் என்றைக்குமே கால் வைத்து இறங்கியதில்லை, குதிப்பேன். ஹெல்பராகச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்த நாலு படியில் மிச்சம் பிடித்த நேரத்தை வைத்து நான் என்ன கோட்டை கட்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி வழிந்து தரை ஈரமாக இருந்தது. மேல்கை எலும்பு, தோள்மூட்டுக்குக் கொஞ்சம் கீழே, மூன்று துண்டாகப் போனது. தகடு வைத்து ஸ்குரூ போட்டார்கள். தகடும் ஸ்குரூவும் எனக்குப் புரிகிற சமாச்சாரம். இறுக்கியாயிற்று, இனிமேல் ஓட வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

பிசியோ மேடம் முதல் நாளே சொன்னார்: "ஆபரேஷன் பாதி வேலைதான் சார். மிச்சப் பாதிய நீங்கதான் செய்யணும்."

"எத்தனை நாள்ல முடியும்?"

"நாள் கணக்கு இல்ல சார், மாசக் கணக்கு."

"லிஃப்ட்டுக்கு மோட்டாரையே நான் ஒரே நாள்ல மாத்திடுவேங்க."

"மாத்தறதுக்கு என்கிட்ட ஸ்பேர் தோள் இல்லயே சார்" என்றார். நீ சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதை நினைத்தால், அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்றுதான் தோன்றுகிறது.

உன் அம்மா பகல் முழுக்கப் பட்டுக் கடையில் நின்றே வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் அவளால் எழுந்திருக்க முடியாது. ஆகவே காலை வேலை உன்மேல் விழுந்தது. குளிப்பாட்டுவது, தலை துவட்டுவது, சட்டையை முதலில் உடைந்த கைக்கு மாட்டி அப்புறம் நல்ல கைக்கு மாட்டுவது எல்லாம் நீதான். எனக்கு நாற்பது, உனக்குப் பத்தொன்பது. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் நம்மைப் பார்க்கிறவர்கள் அண்ணன் தம்பி என்றுதான் நினைப்பார்கள். அந்த வயதில் உன் முன்னால் துண்டோடு ஸ்டூலில் உட்கார எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீ ஒன்றுமே நடக்காத மாதிரி, "கண்ண மூடிக்கோ நைனா, நுரை வரும்" என்றாய். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "எனக்கும் சின்ன வயசுல நீ இப்பிடித்தான் ஊத்துனியா?" என்று கேட்டாய். நுரை வாயில் போய்விட்ட மாதிரி நான் துப்பினேன். உன்னை நான் ஒரு நாள்கூடக் குளிப்பாட்டியதில்லை, கார்த்தி. நீ பிறந்தபோது எனக்கு இருபத்தொன்று. டிப்ளமா முடித்த சூடு, காதல் கல்யாணம் செய்த திமிர், இரண்டு ஷிஃப்ட் வேலை. குழந்தையைக் குளிப்பாட்டுவது வேறு யாரோ செய்கிற வேலை என்று இருந்துவிட்டேன்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பழையதெல்லாம் ஞாபகம் வரும். உனக்கு ஏழு வயதில் பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கக் கூட்டிப்போனேன். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவை சொன்னால் எவனுக்கும் புரிய வேண்டும் என்பது என் கணக்கு. நாலாவது தடவை சீட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன். ரோட்டில் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தாய். நான் ஓடி வந்து முதலில் சைக்கிளைத் தூக்கினேன். ஹேண்டில் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குள் நீயே எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாய். அதற்கப்புறம் நீ பக்கத்து வீட்டுப் பையனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டாய். கற்றுக்கொண்டது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஆனால் இந்த வருஷக் காலைகள் வேறு மாதிரி. முதலில் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது. பிறகு படுத்துக்கொண்டு இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்துத் தூக்குவது. ஜன்னல் கம்பியில் நீ கட்டிக்கொடுத்த கப்பியில் கயிறு போட்டு, இடது கையால் இழுத்து வலது கையை ஏற்றுவது. அந்தக் கப்பி என் பழைய டூல் பாக்ஸிலிருந்து நீ எடுத்தது. "நைனா, நீ இப்ப ஒன் மேன் லிஃப்ட்" என்றாய். கடைசியில் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றுவது. கையைத் தூக்கச் சொன்னால் எனக்குத் தோள்தான் காதுப் பக்கம் ஏறும். அது திருட்டு வழி, தோளைத் தூக்காமல் கையைத் தூக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். அதனால் நீ பின்னால் நின்று என் தோள்மேல் உள்ளங்கையை அழுத்தி வைப்பாய். தோள் ஏறினால், "ஓவர்லோடு, ஓவர்லோடு, ஒருத்தர் எறங்குங்க" என்பாய். உன் கையின் சூடு சட்டைக்குள் இறங்கும். எனக்கு நினைவு தெரிந்து உன் கை என்மேல் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

அப்படி நின்றுகொண்டுதான் நீ பேச ஆரம்பித்தாய். முகம் பார்க்காமல் பேசுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிப்ளமா இரண்டாம் வருஷம் ஒரு பேப்பரில் ஃபெயிலான அன்று, நான் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற வரைக்கும் நீ பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாய். என் விரல் சுவரில் நின்றுவிட்டது.

"அடிப்பேன்னு பயமா?"

"நீ எங்க நைனா அடிச்ச? 'இதுகூடவா தெரியல'ன்னு கேப்ப. அதுக்கு ரெண்டு அடியே வாங்கிக்கலாம்."

நீ என் முழங்கையைத் தட்டி, "ஏறு ஏறு, மூணாவது மாடிலயே நிக்கிற" என்றாய்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நான் எதை விட மனசில்லாமல் இந்தக் காரியம் செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் போதும். அதை வைத்து நீ எனக்கு எதையும் தள்ளுபடி செய்ய வேண்டாம்.

மார்ச்சில் ஓசூர் மோட்டார் கம்பெனியிலிருந்து உனக்கு வேலைக்கான கடிதம் வந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று நீ எழுதினாய், அவர்கள் ஜூன் இரண்டாம் வாரம் வரை தள்ளிக் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது ஹால் சுவரைக் காட்டினாய். சுவிட்ச் போர்டு, அதற்கு மேலே முருகர் படம், படத்தில் மாலை. "நைனா கை அந்த மாலைய எட்ற அன்னிக்கு நா பஸ் ஏறுவேன். அதுவரைக்கும் இங்கதான்" என்றாய். அம்மா, "அப்போ ஒழுங்கா தூக்குயா, புள்ள பொழப்பு உன் கையிலதான் கீது" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். விளையாட்டுப் பேச்சுதான். நான்தான் அதை மெய்யாக எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும். மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. சுவரில் விரலை ஏற்றினேன். போர்டின் அடிப்பக்கம் வந்தது, தாண்டியது. சுவிட்சுகள் தாண்டின. நடுவிரல் முருகர் படத்தின் அடிச் சட்டத்தைத் தொட்டது. வலி இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி. இன்னும் ஒரு சாண் ஏறினால் மாலை. நியாயமாக நான் அந்த இடத்திலேயே உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். நான் கையை இறக்கினேன். சட்டத்தில் தூசியில் விரல் தடம் விழுந்திருந்தது. அதைத் துண்டால் துடைத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. துடைத்த பிறகுதான் எதைத் துடைத்தேன் என்று தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, என் விரல் எட்டுகிற உயரத்தைச் சுவரில் குறிக்க, நீ வழக்கம்போல் பென்சிலோடு நின்றாய். நான் போர்டுக்குக் கீழேயே கையை நிறுத்தி முகத்தைச் சுளித்தேன்.

"வலிக்குதா?"

"ம்."

"சரி வுடு நைனா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று கோடு போட்டாய்.

அது பொய்க்கோடு. அடுத்த ஞாயிறும் அதே இடம், அதற்கடுத்ததும் அதே இடம். போய்ப் பார், கீழேயிருந்து வரிசையாக ஏறி வந்த கோடுகள் போர்டுக்குக் கீழே வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தடித்த கோடாகக் கிடக்கின்றன.

இன்னும் கேவலமான பகுதி பாக்கி இருக்கிறது. காலையில் உன்னோடு செய்கிற பயிற்சியில் பாதிதான் செய்தேன். மத்தியானமும் சாயங்காலமும் நானாகச் செய்ய வேண்டியதைச் செய்யவே இல்லை. டிவி பார்த்தேன். நீ வெளியே போய்த் திரும்புகிற நேரத்துக்கு, பயிற்சி செய்த மாதிரி கப்பிக் கயிற்றை இடம் மாற்றி வைப்பேன். வலித் தைலத்தைத் தோளில் தேய்த்துக்கொள்வேன், வீட்டுக்குள் வந்ததும் உனக்கு வாசனை அடிக்கட்டும் என்று. நீ மூக்கை உறிஞ்சி, "இன்னா நைனா, இன்னிக்கு ரொம்ப உழைச்சிட்ட போல" என்பாய். நான் தலையாட்டுவேன். கிளினிக்கில் மேடம் கையை ஏற்றும்போது கொஞ்சம் போனதுமே வலிக்கிறது என்பேன். வலிக்கிறது என்று சொன்னால் அவர் அங்கேயே நிறுத்திவிடுவார். என் வார்த்தையை நம்பித்தானே அவர் வேலை செய்ய முடியும்?

இதில் எனக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. தெரியும். மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடியில் மேல்தளம் காலியாக இருந்தது. கரண்ட் மிச்சம் என்று அசோசியேஷன்காரர்கள் அந்தத் தளத்துக்கு லிஃப்ட் போகாமல் நிறுத்தி வைத்தார்கள். வருஷம் கழித்து ஆள் குடிவந்ததும் திறந்துவிடச் சொன்னார்கள். லிஃப்ட் நாலாவது மாடி தாண்டியதும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. லிஃப்ட் பிடித்து ஏறுகிற கைடு ரெயில், அந்த இரும்புத் தண்டவாளம், மேலே முழுக்கத் துரு. செயலாளரை நிற்க வைத்துத் திட்டினேன். "ஓட்டாம வெச்சா இரும்பே இறுகிடும் சார், இது தெரியாதா? இதுகூடவா தெரியல?" என்று கேட்டேன். அதே வார்த்தைதான். அவர் வயதானவர், முகம் சுருங்கிப்போனது. அவ்வளவு தெரிந்தவன்தான் தன் தோளில் மேல் மாடியைப் பூட்டி வைத்தேன். என் நினைப்பு என்னவென்றால், பூட்டினவன் நான், வேண்டும்போது திறந்துகொள்வேன்.

மே மாதம் நடுவில் ஒரு நாள் தனியாக இருந்தபோது சும்மா பார்க்கலாம் என்று விரலை ஏற்றினேன். போர்டுக்குக் கீழே நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவே நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ முட்டுக்கொடுத்த மாதிரி. இடது கையால் தள்ளினேன், கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர ஓர் அங்குலம் ஏறவில்லை. நான் நடித்த இடத்திலேயே என் கை நிஜமாகவே நின்றுவிட்டது. அன்றிலிருந்து உன் முன்னால் நான் சுளித்த முகம் நடிப்பில்லை. ஆனால் அதை நான் யாரிடம் சொல்ல முடியும்?

நேற்று நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேடம் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, தோளை மேசையோடு அழுத்திக்கொண்டு கையை ஏற்றினார். நின்றது. "மூட்டைச் சுத்தி இருக்கற உறை சுருங்கிடுச்சு சார்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வீட்ல தினமும் செய்றீங்களா?" என்று கேட்டார். திட்டுகிற குரலில் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"தினமும் மூணு வேளை செய்றாரு மேடம். காலைல நானே பக்கத்துல நிக்கிறேன். வலியோட செய்வாரு. ஒரு நாள் வுட்டதில்ல."

உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்காகச் சண்டைக்குப் போகிற மாதிரி நின்றாய். மேடம் உன்னைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் கேவலமாக இருந்த நேரம் அதுதான். உடைந்த அன்று ஈரத்தரையில் கிடந்தேனே, அது ஒன்றுமே இல்லை. பிறகு டாக்டர் வந்து, இன்னும் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்து பார்க்கலாம், அப்படியும் வரவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து மூட்டை இளக்க வேண்டியிருக்கும் என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய். வண்டியில் திரும்பி வரும்போது அடையாறு பாலத்தின்மேல், "பரவால்ல நைனா, பாத்துக்கலாம்" என்றாய். நான் உன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் நீ அம்மாவிடம், திங்கட்கிழமை ஓசூருக்கு மெயில் போட்டு வேலை வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாய். அம்மாவுக்கு நேற்று அரை நாள் லீவு. புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா பேசற? ஒரு தபா தள்ளிக் குட்த்தவன் மறுபடி குடுப்பானா?"

"இவர இப்பிடி வுட்டுட்டு எப்பிடிமா போறது? ஆறு வாரம் யாரு நிப்பா? நீ கடையில நிப்பியா, இங்க நிப்பியா?"

"நானு நிக்கிறேன். எனக்கு நிக்கறது புதுசா?"

"வுடுமா. வேல எங்க போவுது, கிண்டில எதுனா பாத்துக்கறேன்."

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அதைத்தான் செய்தேன். நீ பால் வாங்கக் கீழே போனாய். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். மேல் தட்டைக் காட்டி, "அந்த சக்கர டப்பாவ எட்றா பாக்கலாம்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்ட மாதிரி, டா போட்டு.

கையைத் தூக்கினேன். தோள்தான் ஏறியது. கை பாதியில் நின்றது.

"ரெண்டு மாசம் முன்னாடி எட்டுன. கடைலேர்ந்து சீக்கிரம் வந்தேன். கதவாண்ட நின்னு பாத்தேன். சக்கர எடுத்து டீ போட்டுக்கினு, டப்பாவ அதே எடத்துல வெச்சிட்டு, புள்ள வந்ததும் கட்டு போட்டவன் மாதிரி குந்திக்கினு இருந்த."

"அப்பவே ஏன் கேக்கல?"

அவள் மேல் தட்டையே பார்த்தாள். அப்புறம், "புள்ள இன்னும் நாலு நாள் கூட இருக்கட்டுமேன்னு நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். உன்ன சொல்லி இன்னா? ஆனா இப்ப அவன் வேலையே வாணான்றான்யா. நீ சொல்றியா, நா சொல்லட்டா?" என்றாள். டப்பாவை அவளே எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்தாள். நீ பாலோடு வந்தாய். மூன்று பேரும் டீ குடித்தோம். நான் சொல்லவில்லை.

அதனால் இந்தக் கடிதம். அம்மாமேல் கோபப்படாதே. அவள் பேசாமல் இருந்தது ஒரு பலவீனம், நான் செய்தது திட்டம். இதற்குப் பாசம் என்றும் பெயர் வைக்காதே. அம்மா வைத்துவிடுவாள், தெருக்காரர்களும் வைப்பார்கள். பாசம் இருக்கிறவன், "டேய், நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும், அடிக்கடி வா" என்று வாயால் கேட்பான். எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை. வராததால் உன் மூன்று மாதத்தையும் என் தோளையும் செலவழித்தேன். உனக்கு நான் சொல்லக்கூடியதும் இது ஒன்றுதான். யாராவது உன்னோடு இருக்க வேண்டும் என்று தோன்றினால் கேட்டுவிடு. முடியாது என்று சொன்னால் கேட்டுக்கொண்டு நில். அதைவிட்டுவிட்டு நோயாளியாக உட்காராதே. கேட்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. எல்லாவற்றிலும் அவசரப்படுகிற நான் அதில் மட்டும் அவசரப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று நீ எனக்காகப் பேசியதை நினைத்து, ஏமாந்துவிட்டோமே என்று நீ வெட்கப்படக் கூடாது. பார்த்ததைத்தான் சொன்னாய். அந்த வெட்கம் முழுக்க என்னுடையது, அதில் உனக்குப் பங்கு கிடையாது. ஏணியில் கடைசிப் படி வரைக்கும் கால் வைத்து இறங்கு என்றும் சொல்ல நினைத்தேன். நீ அப்படித்தான் இறங்குகிறாய், பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வரவில்லை.

நீ திட்டலாம். பேசாமலும் இருக்கலாம். போகாமல் மட்டும் இருக்காதே. இப்போது நீ எனக்காக நின்றால், நான் செய்தது பலித்துவிட்டது என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

மணி ஆறு ஐம்பது. நீ புரண்டு படுக்கிறாய். இனி நான் செய்யப் போவது:

1. நீ எழுந்ததும் காபிக்கு முன்னால் இந்தக் காகிதத்தை உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கிறவரை டிவி போட மாட்டேன், எங்கேயும் நழுவ மாட்டேன், எதிரிலேயே நிற்பேன்.

2. நீ எது சொன்னாலும் கத்த மாட்டேன். இது எனக்குப் பழக்கமில்லாத வேலை, தவறினால் அம்மா இருக்கிறாள்.

3. நாளைக்கு நானே பஸ் பிடித்து அடையாறு போவேன். மேடத்திடமும் டாக்டரிடமும், என் பையன் சொன்னது அவனுக்குத் தெரிந்த உண்மை, எனக்குத் தெரிந்த உண்மை இது என்று சொல்வேன். மயிலாப்பூர் செயலாளரையும் ஒரு நாள் போய்ப் பார்ப்பேன்.

4. மூன்று வேளையும் வாசல் கதவைத் திறந்து வைத்துப் பயிற்சி செய்வேன். போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும். சுவரில் கோடு போடுகிற பென்சில் அம்மாவிடம் இருக்கும். அந்தத் தடித்த கோட்டை அழிக்க மாட்டேன்.

5. வலித்தால் வலிக்கிறது என்பேன், வலிக்காவிட்டால் வலிக்கவில்லை என்பேன்.

6. ஆறு வாரத்தில் வரவில்லை என்றால் மயக்க மருந்துக்குப் படுப்பேன். அதற்கு உன்னை வரச் சொல்ல மாட்டேன். வந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் போனில் சொல்வேன்.

7. செவ்வாய்க்கிழமை நீ ஓசூர் பஸ் ஏறும்போது உன்னோடு கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். உன் பெட்டியை இடது கையில் தூக்கிக்கொள்வேன். பஸ் நகரும்போது வலது கையைத் தூக்கி ஆட்டுவேன். அது தோள் உயரத்தில் நின்றுவிடும். ஜன்னல் வழியாகப் பார்க்கிற உனக்கு மறுபடியும் சந்தேகம் வரலாம். அது நடிப்பு இல்லை. இப்போதைக்கு என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.